அக்காளின் மிஸ்டு கால்

இன்னும் வரவில்லை. விளக்கின் திரி ஒருமுறை கருகித் தூண்டிவிட்டாயிற்று, இப்போது மறுபடியும் அதன் தலை கறுக்கிறது. மரத்தாங்கியில் விரித்த புத்தகத்தின் மேலேயே கைபேசியை வைத்திருக்கிறேன். இறைவன் புகழ் அச்சிட்ட தாளின் மேல் இந்தக் கண்ணாடிச் சில்லை வைப்பது அபசாரம் என்று ஒரு காலத்தில் எண்ணியிருப்பேன். இப்போது எண்ணுவதில்லை, ஏனென்றால் இது ஒலித்தால்தான் அது தொடங்கும். அக்காள் கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறாள், நான் மயிலாடுதுறையில் இந்த மாடி அறையில் இருக்கிறேன். அவள் நீராடி, திருநீறு பூசி, விளக்கேற்றிவிட்டு எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். ஒரே ஒரு மணி, உடனே வைத்துவிடுவாள், நான் எடுக்கக் கூடாது. பதிலுக்கு நானும் ஒரு மணி அடித்து வைப்பேன். பிறகு அவள் அங்கேயும் நான் இங்கேயும் ஒரே பதிகத்தை ஓதத் தொடங்குவோம், அவள் மனப்பாடமாக, நான் புத்தகத்தைப் பார்த்து. நாளுக்கு ஒரு பதிகமாக முதலிலிருந்து கடைசிவரை முற்றோதி முடித்து, மறுபடியும் முதலுக்குத் திரும்பி, இது எத்தனையாவது சுற்று என்பதை நான் மறந்துவிட்டேன், அவளும் மறந்திருப்பாள். ஏன் பேசிக்கொள்வதில்லை என்று பலர் கேட்கிறார்கள். பகையா என்றுகூட ஒருத்தி கேட்டாள். அக்காளுக்குக் காது கேட்காது, அவ்வளவுதான். ஒரேயடியாகப் போகவில்லை, முதலில் என் குரல் போயிற்று, பிறகுதான் மற்றவர் குரல்கள் போயின. என் குரல் ஏன் முதலில் போயிற்று என்று நான் வருந்தியபோது அவள் மகன் சபாபதி, "சித்தி, ஒங்களுது கீச்சுக் குரலு. அம்மாவுக்கு அந்தச் சுருதிதான் முதல்ல அவுட்டு" என்றான். செவிக்கருவி வாங்கிக் கொடுத்தார்கள். காதுக்குள் வண்டு குடியிருக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டாள். தொலைபேசியில் நான் எது சொன்னாலும் ஆமாம் ஆமாம் என்பாள். அழுதாலும் ஆமாம், சிரித்தாலும் ஆமாம். அந்த ஆமாம்களைக் கேட்கப் பொறுக்காமல்தான் இந்த ஒற்றை மணியொலிக்கு வந்து சேர்ந்தோம். ஒரு மணியில் பொய் இல்லை. எழுந்தேன், இருக்கிறேன், விளக்கேற்றினேன். அது இன்னும் வரவில்லை.

ஒருவேளை அடித்திருப்பாளோ. அவளுக்கு மணி கேட்காது, மனத்துக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டு வைத்துவிடுவாள், சில நாள் கணக்கு முந்திவிடும், இங்கே ஒலி வந்து சேருமுன் அங்கே அறுந்துவிடும். அப்படியானால் என் பதில் மணி வராததைக் கண்டு மறுபடி அடிப்பாளே. அடிக்கவில்லை. திரையை ஒற்றி ஒளிரச் செய்து பார்க்கிறேன். நேற்றையது மட்டும் இருக்கிறது. குழலி அக்கா, கீழே சிவப்பில் தவறிய அழைப்பு. கீழ்வீட்டு ஷமீமாதான் இந்தக் கைபேசியைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்தாள், தமிழ் மிஸ்ஸோட போன் இங்கிலீஷ்ல இருக்கலாமா என்று. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் காலையில் இந்த இரண்டு சொற்கள் என் முன் வந்து நிற்கின்றன, தவறிய அழைப்பு, ஒரு நாளும் அவற்றை நான் உற்றுப் பார்த்ததில்லை, இன்று பார்க்கிறேன், பார்க்காமல் இருந்திருக்கலாம். தவறிய. எங்கள் பக்கத்தில் இறந்தவரை இறந்தார் என்று சொல்வதில்லை, தவறிட்டாங்க என்பார்கள். மிஸ் என்ற அந்த ஆங்கிலச் சொல்லை இப்படித் தமிழாக்கியவர் யாரோ ஓர் இளைஞராக இருக்க வேண்டும், வீட்டில் இழவு விழாத வயதினராக இருக்க வேண்டும். நான் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பேன்? விட்டுப்போன அழைப்பு. அதுவும் ஆகாது, விட்டுப்போனவர்களும் இருக்கிறார்கள். எடுக்காத அழைப்பு, கைசேராத அழைப்பு, கிட்டாத அழைப்பு. மனமே, எதைச் செய்துகொண்டிருக்கிறாய்? அக்காளைப் பற்றி எண்ண அஞ்சி அகராதிக்குள் ஒளிகிறாய். ஆம், ஒளிகிறேன். வேறெங்கே ஒளிவது? வாழ்நாளெல்லாம் எனக்கு இடம் கொடுத்தது சொற்கள்தாம், அவற்றுள்ளும் மிக அதிகமாக இடம் கொடுத்தது, தமிழ் படித்து, தமிழ் நடத்தி, தமிழில் வழிபடும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, இந்த மிஸ் என்னும் அயற்சொல்தான்.

கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் பள்ளியில் வேலைக்குப் போய் நின்ற நாள். நெற்றி நிறையத் திருநீறு. மதர் பேனாவை எடுத்து, தையல்நாயகி என்று எழுத்துக்கூட்டி எழுதிவிட்டு, நிமிர்ந்து, "மிஸ்?" என்று கேட்டார். கேள்வி முடிந்துவிட்டதா, மீதி வருமா என்று தெரியாமல் நான் நின்றேன். அவர் புன்னகைத்து, "மிஸ்ஸா, மிஸஸா?" என்றார். மிஸ் என்றேன், ஏதோ இல்லாத பொருளைச் சொல்வது போலத் தாழ்ந்த குரலில். "பரவால்ல, இங்க எல்லாருமே மிஸ்தான்" என்றார் அவர். மெய்யாகவே அப்படித்தான் இருந்தது. மூன்று பிள்ளை பெற்ற கணக்கு மிஸ், பேரன் எடுத்த டிராயிங் மிஸ், கணவர் தினமும் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடும் சயின்ஸ் மிஸ், அவர்களோடு நான் தமிழ் மிஸ். வெளியே தெருவில் என்னைப் பார்த்து, இன்னும் ஆகலையா என்று கேட்ட அதே நிலை, உள்ளே நுழைந்ததும் எல்லோருக்கும் பொதுவான பட்டமாகிவிட்டது. அந்தச் சொல்லுக்குள் நான் குடையின் கீழ் நிற்பது போல நின்றேன். இறைவனைத் தலைவனாக வரித்த பெண்ணொருத்தி வளை நெகிழக் கிடக்க, தாயும் தோழியும் அவளுக்காகப் பேசும் பதிகங்களை நடத்தும்போது பின்வரிசைப் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்குவார்கள். எனக்குத் தெரியும், என் வளையல்களும் தளர்வானவைதாம், ஆனால் அதற்குக் காரணம் கடைக்காரர். பணிநிறைவு விழாவில் கணக்கு மிஸ் ஒலிபெருக்கியில், "இனிமே இவங்க மிஸ் ஸ்கூல் இல்ல, மிஸ் மயிலாடுதுறை!" என்றார், அரங்கமே அதிர்ந்தது, மதர்கூட வாயைப் பொத்திக்கொண்டார். அந்தப் பிள்ளைகள் கொடுத்த அட்டைகளில் எல்லாம் ஒரே வாசகம், வண்ணப் பென்சிலில், மிஸ் யூ மிஸ். ஒரு சொல் இரண்டு பக்கமும் காவலாக நிற்க நடுவே ஒரு நீ. ஒருத்தி கேட்டாள், மெலிந்த பெண், பெயர் நினைவில்லை, "ஐ மிஸ் யூக்குத் தமிழ்ல எப்படி மிஸ் சொல்றது?" நான் தயங்காமல், உன் பிரிவால் வருந்துகிறேன் என்றேன். அவள் முகம் விழுந்துவிட்டது. "அது கடுதாசி மாதிரி இருக்கு மிஸ்" என்றாள். அவளுக்குச் சரியான விடையை நான் சொல்லவில்லை. சரியான விடை அன்று எனக்குத் தெரியவில்லை என்பதா, தெரிந்தும் அதற்கு வகுப்பறைக்குள் வரும் தகுதியில்லை என்று எண்ணினேன் என்பதா?

மொட்டைமாடிப் படியில் காலடி. ஷமீமா வாளியோடு வருகிறாள், துணி உலர்த்த. என் மாணவிதான், ஆறாம் வகுப்பில் வல்லினம் மெல்லினம் என்னிடம் படித்தவள், இப்போது தலையில் நரை, தையற்கடை வைத்திருக்கிறாள், இன்னும் மிஸ் என்றுதான் அழைக்கிறாள். கதவு திறந்திருப்பதைக் கண்டு நின்று, "என்ன மிஸ், இன்னைக்குப் பாட்டுச் சத்தமே இல்ல? ஒங்க பாட்டு முடிஞ்சாதான் எங்க வீட்ல டிபனே. அவரு பசியில கத்துறாரு" என்றாள். "இன்னும் அக்காகிட்டேருந்து வரல" என்றேன். "என்ன வரல? ஓ, மிஸ்டு காலா!" வாளியை வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். "தூங்கியிருப்பாங்க மிஸ். வயசானவங்கதானே." "அக்கா தூங்க மாட்டா. காய்ச்சல் அடிச்சப்பகூட அடிச்சா." "சார்ஜ் போயிருக்கும்." "அது பொத்தான் போன். ஒரு தடவ போட்டா வாரம் பூரா நிக்கும்." "பேலன்ஸ் தீந்திருக்கும்." "மிஸ்டு காலுக்கு எதுக்குடி பேலன்ஸ்?" "எதுக்கெடுத்தாலும் பதில் வச்சிருக்கீங்களே, பரீட்ச பேப்பர் திருத்துற மாதிரி" என்று சிரித்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, வேறு பேச்சு பேசினால் நான் தேறுவேன் என்று நினைத்தவளாய், "நேத்து இவரு பைக்குல வர்றாரு, லாரிக்காரன் ஒடிச்சான் பாருங்க, ஜஸ்ட் மிஸ்ஸு மிஸ். ஒரு நூலு. அல்லாதான் காப்பாத்துனான்" என்றாள். ஜஸ்ட் மிஸ். அதற்கும் இதே சொல்தான். கிட்டவேண்டியது கிட்டாமல் போனாலும் மிஸ், வரவேண்டிய கேடு வராமல் போனாலும் மிஸ். நூலிழையில் போன பேருந்துக்கும் நூலிழையில் போகாத உயிருக்கும் ஒரே சொல்லை எப்படி வைத்தார்கள்? நம்மிடமும் தப்பு இருக்கிறது, தப்பினேன் என்றால் பிழைத்தேன், தப்பினேன் என்றால் பிழைசெய்தேன். பிழைத்தேன் என்பதும் அப்படியே. அடியார்கள் எல்லோரும் பிழைத்தேன் பிழைத்தேன் என்று அவனிடம் முறையிட்டார்களே, பிழைசெய்ததைச் சொன்னார்களா, உயிர் பிழைத்ததைச் சொன்னார்களா? இரண்டும் ஒன்றென்று கண்டவர்கள் போலும். எனக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியவில்லை, எனக்கு எதுவும் தெரியவில்லை. "நீங்களே ஒண்ணு அடிங்களேன் மிஸ்" என்றாள் ஷமீமா. "அவதான் முதல்ல அடிக்கணும். அதான் முறை." "ஆமா, பெரிய முறை. அடிச்சுப் பாருங்க, சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது." வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள், கொடியில் ஈரத்துணியை உதறும் ஓசை வந்தது.

அடித்தேன். முறை மாறி அடித்தேன். ஒரு மணி, இரண்டு மணி. வைக்க வேண்டிய விரல் வைக்கவில்லை. ஒலித்து ஒலித்து அதுவே அடங்கிற்று. ஒருவரும் எடுக்கவில்லை, எடுக்க வேண்டாம் என்பதுதானே உடன்பாடு, அப்படியிருக்க எடுக்கவில்லையே என்று எதற்காக நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறது? பதில் மணியாவது வரலாமே. அக்காளின் அறை எனக்குத் தெரியும், கட்டில், கட்டிலருகே முக்காலி, முக்காலியின் மேல் அந்தக் கறுப்புப் பொத்தான் போன், அதற்குப் பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு. ஒலித்தபோது அதன் வெளிச்சம் செம்பின் மேல் பட்டிருக்கும். அந்த வெளிச்சத்தைப் பார்க்க அறையில் கண்கள் இருந்தனவா? குளியலறைத் தரை ஈரம். வேண்டாம். அம்மையப்பா, வேண்டாம். அவளுக்கு முதலில் தங்கிய கரு, எத்தனை ஆண்டுகளுக்கு முன், டாக்டரம்மா வெளியே வந்து மிஸ்கேரேஜ் என்று சொன்னபோது, நான் அப்போதுதான் ஆங்கிலம் கற்றுக்கொண்டிருந்தவள், மிஸ் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, பெண் குழந்தை என்று சொல்கிறார் போலும் என மகிழ்ந்து அம்மாவைப் பார்த்தேன், அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். இதை ஏன் இப்போது நினைக்கிறேன்? அக்காள் அன்று கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான் அருகே போனதும், "நீ ஏன்டி பள்ளிக்கூடம் போகல?" என்று கேட்டாள். அதுதான் அவள். என்றைக்கும் அதுதான். என்னைவிட மூத்தவள் என்பதை ஒரு வேலையாகச் செய்துகொண்டிருந்தாள். அவள் மணமாகிப் போன முதல் வாரம் நான் சோறு உண்ணவில்லை. அம்மா தெருவில் எல்லோரிடமும் சொன்னாள், "இது ஒண்ணும் உடம்புக்கு இல்ல. அக்காளத் தேடுது." தேடுது! அந்த மெலிந்த பெண்ணுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடை. உன்னைத் தேடுது. யார் தேடுகிறார்கள் என்பதுகூட அதில் இல்லை. நான் தேடுகிறேன் என்று சொல்லவில்லை, எனக்குள் ஏதோ ஒன்று தேடுகிறது, கன்று தேடுவது போல, என்னைக் கேட்காமல். ஆங்கிலேயன் நான் உன்னை மிஸ் செய்கிறேன் என்று செய்பவனாக நிமிர்ந்து நிற்கிறான். நம் வீட்டுச் சொல்லில் நிற்பதற்கு ஆளே இல்லை. இப்போது தேடுகிறது. காலையிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறது. அதற்கு நான் அகராதியைக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

சபாபதியைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் என்ன கேட்பது? தம்பி, அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டால் விடை வந்துவிடும். கேட்காதவரை விடை இல்லை. நசிகேதனைப் போல் எமன் வாசலில் நின்று கேட்கும் துணிவு எனக்கில்லை. ஆயினும் விரல் போய்விட்டது. நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்றது அந்தப் பெண்குரல். சற்றுப் பொறுத்து மறுபடியும். வேறொரு அழைப்பில் இருக்கிறார். மறுபடியும். இந்தக் காலை வேளையில், வங்கி வேலைக்குப் புறப்படும் நேரத்தில், யாரிடம் இவ்வளவு பேசுகிறான்? ஒருவரிடம் பேசி முடித்து உடனே அடுத்தவரிடம் பேசுகிறான். அப்படி வரிசையாகப் பேசும் நாள் எதுவென்று இந்த வயதில் எனக்குத் தெரியாதா? அப்பா போன அன்று தபால் ஆபீசில் வரிசையாகத் தந்தி கொடுத்தோம், நெருங்கியவர்க்குக் கடைசியில் கொடுங்கள், தாங்க மாட்டார்கள் என்று பெரியவர் ஒருவர் சொன்னார். கடைசியில். நான்தான் கடைசியா? புத்தகத்தைப் பார்க்கிறேன். இன்றைய பதிகம் திறந்தபடி இருக்கிறது. முதற்சொல் கண்ணில் படுகிறது, நாவிலும் வந்துவிட்டது, பற்களுக்குள் நிறுத்திக்கொள்கிறேன். தொடங்கினால் அவள் இல்லாமல் தொடங்கியவள் ஆவேன். தனியே ஓதும் முதல் எழுத்திலேயே அவளை அனுப்பிவைத்தவள் ஆவேன். தொடங்காவிட்டால் இன்றைய நாள் முற்றோதலில் விட்டுப்போகும், இத்தனை சுற்றுகளில் ஒரு நாளும் விடாத ஒன்றை என் அச்சத்துக்காக விட்டதாகும், அவள் இருந்தால் ஏசுவாள், இல்லாவிட்டால், இல்லாவிட்டால் யார் ஏசுவார்கள்? வெயில் சன்னல் கம்பியைத் தாண்டித் தரையில் கோடுகளாக விழுந்திருக்கிறது. ஓதினாலும் ஒன்றை இழக்கிறேன், ஓதாவிட்டாலும் ஒன்றை இழக்கிறேன். எம்பெருமானே, உன் பாட்டைப் பாடுவதற்கு உன் அனுமதி போதாமல் நான் அக்காளின் மணிக்குக் காத்திருக்கிறேனே, இது பக்தியா, பாசமா? பாசத்தை அறுப்பவன் என்று உன்னைத்தான் பாடுகிறோம், பாடுவதற்கே எங்களுக்குப் பாசம் வேண்டியிருக்கிறது. எனக்குப் புரியவில்லை. எதையும் அறுக்காதே, இன்று மட்டும் எதையும் அறுக்காதே.

ஒலிக்கிறது. புத்தகத்தின் மேலேயே, தாள்கள் நடுங்க, ஒலிக்கிறது. குழலி அக்கா. ஒரு மணி. வந்துவிட்டது, இருக்கிறாள், இருக்கிறாள். இதோ நின்றுவிடும், நான் பதிலுக்கு, இரண்டாம் மணி. நிற்கவில்லை. மூன்றாவது. அக்காள் ஒருநாளும் ஒன்றுக்கு மேல் அடிக்க மாட்டாள். இது அக்காள் அடிப்பதில்லை. அவளுடைய போனை எடுத்து, வேறு யாரோ, நான் எடுக்க வேண்டும் என்று அடிக்கிறார்கள். பேசுவதற்காக அடிக்கிறார்கள். அக்காள் போனில் பேசுவதில்லை, நான் பேசினாலும் அவளுக்குக் கேட்காது, எனவே பேசப்போகிறவர் வேறொருவர், எனவே. மாடியிலிருந்து ஷமீமா குரல் கொடுக்கிறாள், "மிஸ்! போன் அடிக்குதுல்ல! எடுங்க!" எடுக்கக் கூடாது என்பது முறை. "எடுங்க மிஸ்! கட்டாயிடும்!" ஆகட்டும். கட் ஆகி, சிவப்பில் அந்த இரண்டு சொற்களாகி நிற்கட்டும், நான் அதை நேற்றைய மணியைப் போல எண்ணிக்கொண்டு பதிகத்தைத் தொடங்கிவிடுகிறேன். ஷமீமா படிகளில் தடதடவென இறங்கி வந்து, ஈரக்கையாலேயே பச்சையை இழுத்து, போனை என் காதில் வைத்து அழுத்தினாள்.

"தையூ!"

மாடி முழுவதும் கேட்டிருக்கும். எத்தனை ஆண்டுகள் ஆயின இந்தக் குரலைக் கேட்டு. தடித்திருந்தது, கரகரத்திருந்தது, தன் ஒலியைத் தான் அறியாத குரலாகையால் அளவே இல்லாமல் வந்தது, ஆயினும் அதேதான், சுவர்ப்பக்கம் திரும்பியபடி என்னைப் பள்ளிக்கூடம் போகச் சொன்ன அதே குரல். "தையூ, நான்தான்டி பேசுறேன். நீ பேசுனா எனக்குக் கேக்காது, அதனால வாய மூடிக்கிட்டு நான் சொல்றதக் கேளு. எங்க வீட்ல தீட்டு. சின்ன மாமனார் மகன், பட்டீஸ்வரத்துல இருந்தாரே, அவரு விடியக்காலையில போயிட்டாரு. பங்காளி. வெளக்கு ஏத்தல. வெளக்கு ஏத்தாம எப்படி ஒனக்கு மணி அடிக்கிறது? அடிச்சா ஏத்திட்டேன்னு அர்த்தம் ஆயிடுமே. பொய்யில்லையா அது? அதான் அடிக்கல. காலையிலேருந்து போனப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன். நீ அடிச்ச, வெளிச்சம் வந்துச்சு, பாத்தேன். திருப்பி அடிச்சாலும் பொய்யாயிடும். சபாபதிகிட்ட சொல்லச் சொல்லலாம்னா அவன் சொந்தக்காரங்களுக்கெல்லாம் சேதி சொல்லிக்கிட்டு மாடிக்கும் கீழுக்கும் நடக்கிறான். கடைசியில மருமகதான் என்னைய வஞ்சா. நடிச்சுக் காட்டுறா, நெஞ்சுல கை வச்சு, கண்ண மேல சொருகி, சித்தி இப்படி ஆயிடுவாங்கங்குறா. பேசுங்கன்னு சொல்லி அவதான் நம்பரப் போட்டுக் குடுத்தா. பயந்துட்டியாடீ?"

நிறுத்தினாள். நான் விடை சொல்வதற்கான நேரம் அது என்று, கேட்காத விடைக்கு ஓர் இடைவெளி விட்டிருக்கிறாள், இவ்வளவு நேரம் பேசுவேன் என்று அவளாக ஓர் அளவு வைத்து. பயந்தேன் அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன், சினம்தான் வந்தது. பொய்யாகிவிடுமாம்! ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா, விளக்கு இல்லாவிட்டால் என்ன, நீ இருந்தாயே, அதைச் சொல்லியிருக்கக் கூடாதா. பட்டீஸ்வரத்து அத்தானுக்கு ஒரு துளிக் கண்ணீர்கூட எனக்கு வரவில்லையே, பாவி. அந்த மனிதர் போனதற்கு நான் உள்ளூர மகிழ்ந்துகொண்டிருக்கிறேனே, சிவசிவா. இவற்றில் எதை முதலில் சொல்வது? ஷமீமா என்னைப் பார்த்து, "யாரு மிஸ்? என்ன மிஸ்?" என்று கையால் கேட்டாள். இடைவெளி முடிந்தது.

"சரி, சொல்லிட்டல்ல. கேளு. கருமாதி முடியிற வரைக்கும் நான் பாடக் கூடாது. ஒனக்குத் தீட்டு இல்ல, நீ நம்ம அப்பா வீட்டுப் பொண்ணு. நீ நிறுத்தாத. எனக்காகக் காத்திருக்காத. இன்னைக்குள்ளதப் பாடு, நாளைக்குள்ளதப் பாடு, மணிய எதிர்பார்க்காத. நீ முன்னால போய்க்கிட்டே இரு, நான் பின்னாடி வந்து சேந்துக்கிறேன். என்ன?"

மறுபடியும் அந்த இடைவெளி. முன்னால் போ என்கிறாள். பிறந்ததிலிருந்து இவள் முன்னால் போனாள், நான் பின்னால் போனேன்; ஆற்றங்கரைக்கு, பள்ளிக்கு, கோயிலுக்கு; இவள் கால் வைத்த இடத்தில் கால் வைத்து. இவள் இல்லாத தாள்களில் நான் மட்டும் எப்படிப் போவது? இன்று ஒரு காலைப்பொழுது போய்ப் பார்த்தேன் அக்கா, அங்கே ஒன்றுமே இல்லை.

"மாட்டேன்" என்றேன். எனக்கே கேட்கும்படி, உரக்க, அந்தக் கீச்சுக் குரலில். "மாட்டேன் அக்கா. நீ வர்ற வரைக்கும் இந்தப் பக்கத்தத் திருப்ப மாட்டேன்."

"நல்ல பொண்ணு" என்றாள் அக்காள்.

பிறகு போனை எங்கோ வைத்தாள், முக்காலியில் போலும், செம்பில் மோதிய ஓசை வந்தது. அதை எப்படி நிறுத்துவதென்று அவளுக்கு நினைவில்லை. மருமகளும் மறந்திருக்க வேண்டும். அவள் வீடு என் காதுக்குள் திறந்தே கிடந்தது. யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். சபாபதி தொலைவில் யாரிடமோ இரயில் நேரம் சொல்லிக்கொண்டிருந்தான். இவற்றில் ஒன்றும் கேட்காத அக்காள் பெருங்குரலில் மருமகளிடம் சொன்னாள், "ஒத்துக்கிட்டா. எம் பேச்ச என்னைக்கும் தட்ட மாட்டா." ஷமீமா சிரித்தபடி போனை வாங்கக் கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை.